ஆர்பிட்ரேஷன் ஒப்பந்தமும் ஊபர், லிஃப்ட் டிரைவரும்: அமல்படுத்தும் முறை, படிப்படியாக

அமெரிக்காவில் ஊபரோ லிஃப்டோ ஓட்டுகிறவருக்குச் சம்பளக் கணக்கில் தகராறு வருகிறது, அல்லது ஒரு நாள் காலையில் கணக்கை முடக்கிவிடுகிறார்கள். வக்கீலிடம் போனால் முதலில் காதில் விழும் சொல் ஆர்பிட்ரேஷன். நீதிமன்றத்துக்குப் போகாமல் தனியார் நடுவர் ஒருவர் முன்னால் தீர்த்துக்கொள்வதாக, செயலியில் எப்போதோ ஒரு பட்டனைத் தட்டி ஒப்புக்கொண்டிருப்பார். அதைக் கேட்டதும் பலர் மனம் விட்டுப்போய்த் திரும்பிவிடுகிறார்கள்.

நான் வக்கீல் இல்லை. கலிஃபோர்னியாவில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் டிரைவர்களின் கோப்புகளைத் தயார் செய்கிறேன். அலுவலகத்தில் புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் சட்டம் படித்திருந்தும் வரிசையைத் தப்பாகப் பிடித்து விழுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கிறேன். பின்னால் கேட்க வேண்டிய கேள்வியை முதலில் கேட்டுவிடுகிறார்கள். இன்னொன்றையும் மறக்கிறார்கள்: இந்த ஒப்பந்தம் நிறுவனத்தையும் கட்டுப்படுத்தும். டிரைவரும் அதைப் பிடித்து நிறுவனத்தை இழுக்கலாம். அந்த வழியும் கீழே வருகிறது.

1. எந்த ஒப்பந்தம், எந்தத் தேதி என்று முதலில் கண்டுபிடியுங்கள்

நிறுவனங்கள் விதிமுறைகளை அடிக்கடி மாற்றுகின்றன. ஐந்து வருடம் ஓட்டியவர் நாலைந்து பதிப்புகளை ஏற்றிருக்கக்கூடும். புதியவர்கள் செய்யும் முதல் தப்பு, இன்று இணையத்தில் இருக்கும் பதிப்பை இறக்கி அதை வைத்தே மனு எழுதுவது. டிரைவர் அந்தப் பதிப்பை ஏற்கவே இல்லை என்றால் எழுதியதெல்லாம் வீண்.

ஒவ்வொரு பதிப்புக்கும் மூன்று விவரம் வேண்டும்: அது வெளியான தேதி, டிரைவர் ஏற்ற தேதி, ஏற்றபோது பயன்படுத்திய மின்னஞ்சலும் போன் நம்பரும். பதிப்புகளுக்குள் முரண்பாடு இருந்தால் எது செல்லும் என்பதை நீதிமன்றம்தான் தீர்மானிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2024இல் காயின்பேஸ் எதிர் சுஸ்கி வழக்கில் சொன்னது. அதனால் பழைய பதிப்புகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

கூடவே பயணப் பட்டியல், வாராந்திரப் பண அறிக்கை, 1099 வரிப் படிவம், முடக்க அறிவிப்பு எல்லாவற்றையும் இறக்கி வையுங்கள். கணக்கு முடங்கிய பிறகு செயலிக்குள் போக முடியாமல் போகலாம். கலிஃபோர்னியா டிரைவருக்கு இன்னொரு வழி உண்டு. அந்த மாநிலத்தின் தனியுரிமைச் சட்டப்படி தன்னைப் பற்றி நிறுவனம் வைத்திருக்கும் தகவலைக் கேட்டுவாங்கும் உரிமை 2023 ஜனவரி 1 முதல் வேலைத் தொடர்பான தகவலுக்கும் முழுமையாகப் பொருந்துகிறது. பதில் தர 45 நாள் அவகாசம் இருக்கிறது, நிறுவனம் அதை இன்னொரு 45 நாள் நீட்டிக்கவும் முடியும். ஆகவே முதல் நாளே கேட்டுவிடுங்கள். நடுவர் முன்னால் நிற்கும்போது அந்தக் கோப்பு கையில் இருக்கும்.

2. முப்பது நாள் ஜன்னல் திறந்திருக்கிறதா?

ஊபர், லிஃப்ட் இரண்டின் டிரைவர் ஒப்பந்தங்களிலும், ஏற்ற 30 நாளுக்குள் ஆர்பிட்ரேஷன் பிரிவிலிருந்து மட்டும் விலகிக்கொள்ளலாம் என்ற ஏற்பாடு இருந்துவருகிறது. விலகினால் வேலை போகாது. புதிதாக ஓட்டத் தொடங்குகிறவர், அல்லது புதிய பதிப்பு இப்போதுதான் வந்தவர், இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஒப்பந்தத்தில் சொன்ன முகவரிக்கு, சொன்ன முறையில், டிரைவரே தன் பெயரில், கணக்கில் உள்ள அதே மின்னஞ்சலிலிருந்து அனுப்ப வேண்டும். உதவி மையத்தில் சாட் செய்து சொன்னால் போதும் என்று நினைக்கக் கூடாது. என் மேசைக்கு வந்த ஒரு டிரைவர், "அனுப்பிட்டேன் அண்ணா, பாருங்க" என்று போனை நீட்டினார். விலகல் கடிதம் இருந்தது, அழகான இரண்டு வரி, கீழே உரிமம் எண். ஆனால் அது டிராஃப்ட்ஸ் பகுதியில் இருந்தது. மின்னஞ்சல் முகவரியில் ஒரு எழுத்து விடுபட்டிருந்ததால் போகவே இல்லை. முப்பது நாள் முடிந்து பதினொரு நாள் ஆகியிருந்தது. அன்றிலிருந்து, அனுப்பிய பெட்டியின் ஸ்கிரீன்ஷாட்டைக் கண்ணால் பார்க்காமல் யாரையும் எழுந்து போக விடுவதில்லை.

அப்புறம் ஒன்று: புதிய பதிப்பிலிருந்து விலகினால் பழைய பதிப்பில் கொடுத்த சம்மதம் தானாக அழிந்துவிடாது. அப்படி எழுதியே வைத்திருப்பார்கள். முதல் படியில் பழைய பதிப்புகளைத் தேடச் சொன்னது இதற்கும்தான்.

3. கூட்டாட்சி ஆர்பிட்ரேஷன் சட்டம் இவருக்குப் பொருந்துமா?

வேறு எந்த வாதத்துக்கும் முன்னால் வர வேண்டிய கேள்வி இது. ஆர்பிட்ரேஷன் ஒப்பந்தங்களை நீதிமன்றங்கள் அமல்படுத்த வேண்டும் என்று சொல்லும் 1925ஆம் ஆண்டுச் சட்டத்தின் 1ஆவது பிரிவு கப்பல் ஊழியர், ரயில்வே ஊழியர், மாநிலம் தாண்டிய வணிகத்தில் ஈடுபடும் மற்ற தொழிலாளர் வகைகள் ஆகியோரின் பணி ஒப்பந்தங்களுக்கு விலக்கு தருகிறது. 2019இல் நியூ பிரைம் எதிர் ஒலிவெய்ரா வழக்கில் உச்ச நீதிமன்றம் இரண்டு விஷயம் சொன்னது. இந்த விலக்கு உண்டா இல்லையா என்பதை நடுவரிடம் அனுப்பும் முன்னரே நீதிமன்றம் பார்க்க வேண்டும். பணி ஒப்பந்தம் என்ற சொல்லுக்குள் தனி ஒப்பந்தக்காரரும் அடங்குவார். ஆகவே "நீங்கள் ஊழியரே இல்லை" என்று சொல்லி நிறுவனம் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது.

ஆனால் பயணிகளை ஏற்றும் டிரைவர்கள் இந்த வாதத்தில் மேல்முறையீட்டு நீதிமன்றங்களில் தொடர்ந்து தோற்றிருக்கிறார்கள். (கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் எண்ணிட்ட வட்டாரங்களாகப் பிரிந்திருக்கின்றன.) 9ஆவது வட்டாரத்தில் கேப்ரியோல் வழக்கு, 1ஆவதில் கன்னிங்ஹாம் வழக்கு, இரண்டும் 2021. 3ஆவதில் சிங் வழக்கு, 2023. எல்லாவற்றிலும் காரணம் ஒன்றே: இந்த வேலை அடிப்படையில் உள்ளூர்ப் பயணம். கேப்ரியோல் வழக்கில் பார்த்த கணக்குப்படி, ஊபர் பயணங்களில் ஒரு மாநிலத்தில் தொடங்கி இன்னொன்றில் முடிந்தவை சுமார் 2.5 சதவீதம்தான். விமான நிலையத்தில் தொடங்கியவையோ முடிந்தவையோ சுமார் 10 சதவீதம். 1947இல் சிகாகோ டாக்ஸிகளைப் பற்றிய எல்லோ கேப் வழக்கில், வீட்டிலிருந்து ரயில் நிலையத்துக்குப் போகும் சாதாரண டாக்ஸிப் பயணம் மாநிலம் தாண்டிய வணிகத்தின் அங்கம் ஆகாது என்று உச்ச நீதிமன்றம் சொன்னதை இந்தத் தீர்ப்புகள் பிடித்துக்கொண்டன.

அதனால் "நான் வாரம் நாலு தடவை ஏர்போர்ட் போறேன்" என்பதை மட்டும் நம்பி மனு எழுத வேண்டாம். பார்ப்பது தனிமனிதரை அல்ல, நாடு முழுக்க அந்த வகைத் தொழிலாளரின் வேலையை.

சரி, அப்படியானால் இந்தப் படியே எதற்கு? பல டிரைவர்கள் ஒரே காரில் இரண்டு மூன்று செயலிகளை ஓட்டுகிறார்கள். அமேசான் ஃப்ளெக்ஸில் பொட்டலம் கொடுப்பவர்கள் விலக்குக்குள் வருவார்கள் என்று 2020இல் 1ஆவது, 9ஆவது வட்டாரங்கள் தீர்ப்பளித்தன. வேறு மாநிலத்திலிருந்து புறப்பட்ட பொருளின் கடைசிக் கட்டத்தை அவர்கள் முடிக்கிறார்கள். அதே ஆண்டு, பக்கத்து உணவகத்திலிருந்து சாப்பாடு கொண்டுபோகும் கிரப்ஹப் டிரைவர்களுக்கு 7ஆவது வட்டாரம் விலக்கு தரவில்லை. ஒரே ஆள், இரண்டு செயலி, இரண்டு விடை. செயலிவாரியாகக் கோப்பைப் பிரித்துவிடுங்கள்.

விலக்கு கிடைத்தாலும் கதை முடியாது. கூட்டாட்சிச் சட்டம் பொருந்தாவிட்டால் மாநில ஆர்பிட்ரேஷன் சட்டப்படி அனுப்புங்கள் என்று நிறுவனம் கேட்கும். அதற்கான பதிலையும் அதே மனுவில் எழுதி வையுங்கள்.

4. யார் தீர்மானிப்பது?

ஒப்பந்தத்தில் ஒரு வாக்கியம் இருக்கும்: இந்த ஒப்பந்தம் செல்லுமா செல்லாதா என்பதையும் நடுவரே முடிவு செய்வார். அதிகாரத்தை நடுவரிடம் ஒப்படைக்கும் பிரிவு அது. 2010இல் ரென்ட்-ஏ-சென்டர் வழக்கிலிருந்து, அந்தப் பிரிவையே தனியாகத் தாக்கினால்தான் நீதிமன்றம் அதைப் பார்க்கும். 2016இல் ஊபர் டிரைவர்கள் தொடுத்த முகமது வழக்கிலும் 9ஆவது வட்டாரம் அந்தப் பிரிவு செல்லும் என்றே சொன்னது.

நான் அதிகம் பார்த்த தப்பு இதுதான். இருபது பக்கம், ஒப்பந்தம் முழுக்க எவ்வளவு அநியாயம் என்று. ஒப்படைக்கும் பிரிவைப் பற்றி ஒரு வரி இல்லை. நீதிபதி அந்த இருபது பக்கத்தையும் தொடாமல் நடுவரிடம் அனுப்பிவிடுவார். அதே காரணங்கள் ஒப்படைக்கும் பிரிவுக்கும் எப்படிப் பொருந்துகின்றன என்று தனித் தலைப்பில் எழுதுங்கள்.

பல டிரைவர்கள் சேர்ந்து ஒரே வழக்காகத் தொடுக்கக் கூடாது என்ற கூட்டு வழக்குத் தடை செல்லுமா என்ற கேள்வியை மட்டும் பல ஒப்பந்தங்கள் நீதிமன்றத்துக்கே விட்டுவைக்கும். அந்த வாக்கியத்தைக் கண்டால் அடிக்கோடு போடுங்கள். ஆனால் அதில் பெரிய நம்பிக்கை வைக்காதீர்கள். 2018இல் எபிக் சிஸ்டம்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அத்தகைய தடைகளை ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டில்தான் ஒகானர் வழக்கில் ஊபர் டிரைவர்களின் பெரிய கூட்டு வழக்கு கலைந்தது.

5. நடுவரிடம் போகாத கோரிக்கைகளைப் பிரித்தெடுங்கள்

எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டினால் எல்லாமே ஒன்றாக நடுவரிடம் போய்விடும். முன்பே பிரிக்க வேண்டியவை இவை.

பாலியல் வன்முறை, பாலியல் தொல்லை சார்ந்த தகராறு: 2022 மார்ச்சில் கையெழுத்தான கூட்டாட்சிச் சட்டப்படி, பாதிக்கப்பட்டவர் விரும்பினால் நீதிமன்றத்திலேயே நடத்தலாம்.

கலிஃபோர்னியாவின் பாகா சட்டம்: மாநிலத்தின் சார்பில் தொழிலாளி அபராதம் கோரும் வழக்கு. 2023இல் அடால்ஃப் எதிர் ஊபர் வழக்கில், தன் சொந்தக் கோரிக்கை நடுவரிடம் போனாலும் மற்ற தொழிலாளர்களுக்கான பகுதியை நீதிமன்றத்தில் தொடரும் தகுதி அவருக்குப் போய்விடாது என்று கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் சொன்னது. இதற்கான முன்னறிவிப்பை ஒரு வருடத்துக்குள் மாநிலத்துக்கு அனுப்ப வேண்டும். அந்த ஒரு வருடத்தைத் தவறவிட்டவர்கள் ஏராளம்.

அரசு அமைப்புகள்: டிரைவர் போட்ட கையெழுத்து அரசைக் கட்டுப்படுத்தாது. 2002இல் வாஃபிள் ஹவுஸ் வழக்கிலிருந்து இது நிலையான சட்டம். 2023 நவம்பரில் நியூயார்க் அட்டர்னி ஜெனரலுடன் செய்துகொண்ட உடன்பாட்டில் ஊபர் 290 மில்லியன் டாலரும் லிஃப்ட் 38 மில்லியன் டாலரும் தர ஒப்புக்கொண்டன. நடுவர் விசாரணை நடந்துகொண்டிருந்தாலும் தொழிலாளர் ஆணையரிடம் தனியாகப் புகார் கொடுப்பதில் தயக்கம் வேண்டாம்.

சிறு தொகை என்றால் சிறு வழக்கு நீதிமன்றத்துக்கு ஒப்பந்தமே இடம் தந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

6. முன்னறிவிப்பு, அப்புறம் கோரிக்கை மனு

இப்போதைய ஒப்பந்தங்கள், மனு போடும் முன் எழுத்தில் அறிவித்துச் சமரசம் பேச வேண்டும் என்கின்றன. இதைத் தாண்டிக் குதித்தால் "நிபந்தனை நிறைவேறவில்லை" என்று நிறுவனம் மாதக்கணக்கில் இழுக்கும். முகவரி, காத்திருக்கும் நாட்கள், டிரைவரின் கையெழுத்து, மூன்றையும் ஒப்பந்த வாசகத்தோடு ஒத்துப் பாருங்கள்.

காத்திருக்கும்போது காலவரம்புக் கடிகாரம் ஓடுகிறதா நிற்கிறதா என்று ஒப்பந்தத்தில் தேடுங்கள். நிற்பதாக எழுதாவிட்டால் ஓடுகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். கூட்டாட்சி ஊதியச் சட்டத்தில் இரண்டு வருடம், வேண்டுமென்றே மீறியதென்று காட்டினால் மூன்று. கலிஃபோர்னியாவில் பெரும்பாலான ஊதியக் கோரிக்கைகளுக்கு மூன்று வருடம்.

பிறகு, ஒப்பந்தத்தில் பெயர் சொன்ன நடுவர் அமைப்பிடமே மனு. ஏஏஏ (அமெரிக்க ஆர்பிட்ரேஷன் சங்கம்) என்று இருக்க, பழக்கத்தில் ஜாம்ஸ் என்ற வேறொரு நடுவர் அமைப்புக்கு அனுப்பினால் திரும்பி வரும். டிரைவரின் பெயரும் மின்னஞ்சலும் செயலியில் உள்ளபடியே இருக்கட்டும். வீட்டில் அழைக்கும் பெயர், தந்தை பெயரின் முதலெழுத்து, பாஸ்போர்ட்டில் இருக்கும் நீளமான பெயர் என்று நம் ஆட்களுக்கு மூன்று பெயர் இருக்கும். "இந்தப் பெயரில் எங்களிடம் டிரைவரே இல்லை" என்ற பதிலுக்கு அதுவே காரணமாகிவிடும்.

7. கட்டணம்: நிறுவனத்தைப் பிடிக்கும் இடம்

டிரைவர் கொஞ்சம் கட்டினால் போதும், மீதியை நிறுவனம் கட்ட வேண்டும் என்பதே இந்த ஒப்பந்தங்களின் பொதுவான அமைப்பு. நடுவர் அமைப்புகளின் விதிகளும் அதையே சொல்கின்றன. கூட்டு வழக்கு கூடாது, தனித்தனியாக வாருங்கள் என்று சொன்னதே நிறுவனங்கள்தான். 2018இல் 12,501 ஊபர் டிரைவர்கள் அப்படியே தனித்தனியாக வந்தார்கள். ஒவ்வொரு மனுவுக்கும் நிறுவனம் கட்ட வேண்டிய தொடக்கக் கட்டணம் 1,500 டாலர், மொத்தம் 1.87 கோடி டாலருக்கு மேல். கட்டணம் போய்ச் சேராததால் மனுக்கள் தேங்கின. ஒப்பந்தப்படி நடக்கச் சொல்லி டிரைவர்களே அந்த டிசம்பரில் நீதிமன்றத்துக்குப் போனார்கள். 2019இல் பங்குச் சந்தைக்கு வந்தபோது, அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட மனுக்களில் பெரும்பான்மையைத் தீர்க்க 146 மில்லியன் முதல் 170 மில்லியன் டாலர் வரை ஆகும் என்று ஊபர் தெரிவித்தது. 2020 பிப்ரவரியில் டோர்டாஷ் என்ற உணவு டெலிவரி நிறுவனத்தை 5,010 பேருடன் தனித்தனியாக நடுவர் விசாரணைக்குப் போகச் சொல்லி சான் பிரான்சிஸ்கோவில் நீதிபதி ஆல்சப் உத்தரவிட்டார்.

இனி செய்ய வேண்டியது. கலிஃபோர்னியாவில், கட்டணச் சீட்டின் கெடுநாளிலிருந்து 30 நாளுக்குள் நிறுவனம் பணம் கட்ட வேண்டும் என்று 2020இல் அமலுக்கு வந்த சட்டம் சொல்கிறது. தன்னைத் தவறாகத் தனி ஒப்பந்தக்காரர் என்று வகைப்படுத்திவிட்டார்கள் என்று கோருகிறவரும் இதற்குள் வருவார், அதைச் சட்டமே சொல்கிறது. சீட்டு வந்த அன்றே கெடுநாளையும் 30ஆவது நாளையும் காலண்டரில் எழுதுங்கள். 31ஆவது நாள் காலையில் நடுவர் அமைப்பிடம், பணம் வந்ததா என்று எழுத்தில் கேளுங்கள். அந்தப் பதில் மின்னஞ்சல்தான் உங்கள் சாட்சி.

பணம் வரவில்லை என்றால் டிரைவருக்கு இரண்டு வழி: நீதிமன்றத்துக்குத் திரும்புவது, அல்லது நிறுவனத்தைக் கட்ட வைத்து நடுவரிடமே தொடர்வது. உடனே எழுத்தில் தேர்ந்தெடுங்கள். ஒன்றும் சொல்லாமல் விசாரணையில் தொடர்ந்தால், தாமதத்தை ஏற்றுக்கொண்டதாக வாதிட இடம் கொடுத்துவிடுவீர்கள்.

2025 ஆகஸ்டில் ஹோஹன்ஷெல்ட் வழக்கில் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டத்தை நிலைநிறுத்தியது, ஆனால் கூர்மையைக் கொஞ்சம் மழுக்கியது. வேண்டுமென்றோ, மோசடியாகவோ, மிகப் பெரிய அலட்சியத்தாலோ நேராத தாமதத்தை மன்னிக்க இடம் உண்டு. எனவே ஒருநாள் தாமதத்தை மட்டும் நம்பாதீர்கள். நினைவூட்டல்கள் போயும் கட்டவில்லை என்பதைக் காட்டும் கடிதங்களைச் சேர்த்து வையுங்கள்.

8. நீங்கள் நீதிமன்றத்தில் இருக்க, நிறுவனம் நடுவரிடம் இழுத்தால்

முதலில், வழக்கு தொடங்கியதிலிருந்து நிறுவனம் என்னென்ன செய்தது என்று தேதிவாரியாக எழுதுங்கள். பதில் மனு, ஆவணம் கேட்டது, சமரசப் பேச்சு எல்லாம். ஆர்பிட்ரேஷன் உரிமையை நினைவுபடுத்தாமல் வழக்கை நடத்திவிட்டுத் திடீரென்று கேட்டால், அந்த உரிமையைக் கைவிட்டதாக வாதிடலாம். அதனால் உங்களுக்கு நஷ்டம் ஏற்பட்டது என்று காட்டத் தேவையில்லை என்று 2022இல் மார்கன் எதிர் சன்டான்ஸ் வழக்கு சொல்கிறது. அங்கே நிறுவனம் சுமார் எட்டு மாதம் வழக்கு நடத்தியிருந்தது.

அனுப்பியே தீருவது என்று ஆனால், வழக்கைத் தள்ளுபடி செய்ய விடாதீர்கள். நிறுத்திவைக்கக் கேளுங்கள். கூட்டாட்சி நீதிமன்றத்தில் ஒரு தரப்பு கேட்டாலே நிறுத்திவைக்கத்தான் வேண்டும், தள்ளுபடி செய்யக் கூடாது என்று 2024 மே மாதம் ஸ்மித் எதிர் ஸ்பிஸிரி வழக்கில் முடிவானது. அதுவும் டெலிவரி டிரைவர்கள் போட்ட வழக்குதான். வழக்கு உயிரோடு இருந்தால் காலவரம்புப் பயம் இல்லை, நிறுவனம் கட்டணம் கட்டாவிட்டால் அதே நீதிபதியிடம் திரும்பலாம். மனுவின் கடைசிப் பத்தியில் "மாற்றாக, நிறுத்திவைக்கவும்" என்ற ஒரு வரி போதும். அதை எழுத மறக்கிறார்கள்.

நீங்கள் ஜெயித்து, அனுப்ப மறுத்து உத்தரவு வந்தால் நிறுவனம் உடனே மேல்முறையீடு செய்யலாம். 2023இன் பீல்ஸ்கி தீர்ப்புப்படி அந்த மேல்முறையீடு முடியும்வரை கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றத்தில் வழக்கு நின்றுவிடும். டிரைவரிடம் இதை முன்பே சொல்லிவிடுங்கள். ஜெயித்தும் ஏன் எதுவும் நகரவில்லை என்று அவர் குழம்புவார்.

9. விசாரணை

நடுவர் முன் முறைகள் எளிமையானவை. நடுவரின் பழைய தொடர்புகள் பற்றிய வெளிப்படுத்தல் படிவத்தை வந்த அன்றே படியுங்கள், ஆட்சேபம் சொல்ல நாள் குறைவு. வாரவாரியாக ஓட்டிய நேரம், வந்த பணம், கோரும் தொகை என்று ஒரே அட்டவணை போடுங்கள். மற்றதெல்லாம் அந்த அட்டவணைக்கான ஆதாரமாக அமையட்டும்.

10. தீர்ப்பு வந்த பிறகு

நடுவர் எழுதிய தீர்ப்பு தானாகப் பணமாக மாறாது. நீதிமன்றம் உறுதி செய்தால்தான் அது வசூலிக்கத்தக்க ஆணையாகும். கூட்டாட்சிச் சட்டத்தில் இதற்கு ஒரு வருடம், கலிஃபோர்னியா சட்டத்தில் நான்கு வருடம். தீர்ப்பை ரத்து செய்யக் கேட்க நிறுவனத்துக்கு முறையே மூன்று மாதமும் 100 நாளும். அதற்கான காரணங்களும் குறுகலானவை: ஊழல், மோசடி, பாரபட்சம், நடுவர் முறைகேடு, அதிகாரம் மீறல். தீர்ப்பு தப்பு என்பது மட்டும் காரணமாகாது.

எங்கே தாக்கல் செய்வது என்பதில் கவனம் வேண்டும். 2022இன் பேட்ஜரோ எதிர் வால்டர்ஸ் தீர்ப்புக்குப் பிறகு, உறுதி செய்யக் கேட்கும் மனுவைப் பார்த்தாலே கூட்டாட்சி நீதிமன்றத்தின் அதிகாரம் தெரிய வேண்டும். உள்ளே நடந்த தகராறு கூட்டாட்சி ஊதியச் சட்டம் பற்றியது என்பது உதவாது. வெவ்வேறு மாநிலத் தரப்புகள், 75,000 டாலருக்கு மேல் தொகை என்ற நிபந்தனைகளைத் தனி டிரைவரின் தீர்ப்பு எட்டுவது அரிது. நேராக மாநில நீதிமன்றத்துக்குப் போங்கள். ஒப்பந்த நகல், தீர்ப்பு நகல், நடுவர் நியமனக் கடிதம் மூன்றையும் இணைத்து, தீர்ப்பு கைக்கு வந்த அந்த வாரமே தாக்கல் செய்யுங்கள்.